உளவியல் பட்டத்துக்குக் கல்விக் கடன்: கையெழுத்துக்கு முன் போட வேண்டிய கணக்கு

பிளஸ் டூ முடிந்துவிட்டது. பி.எஸ்சி. சைக்காலஜிதான் படிப்பது என்று முடிவெடுத்துவிட்டீர்கள், அல்லது உங்கள் மகளோ மகனோ எடுத்துவிட்டார்கள். வீட்டுச் சேமிப்பு போதாது, வங்கிக்குப் போக வேண்டும். எவ்வளவு கடன் வாங்கலாம், அதை எந்தச் சம்பளத்திலிருந்து அடைப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் உங்கள் குடும்பத்துக்கே உரிய ஓர் எண்ணைக் கண்டுபிடிக்க இந்த அத்தியாயம் உதவும். ஒரு நோட்டும் செல்போனில் இருக்கும் கால்குலேட்டரும் போதும். வரிசை மாறாமல் செய்யுங்கள். முதல் படியைத் தாண்டிக் கடைசிப் படிக்குப் போனால் விடை தப்பாக வரும்.

## தொடங்கும் முன்: பட்டம் எதைத் தரும், எதைத் தராது

இளநிலைப் பட்டத்தோடு யாரும் உளவியல் நிபுணர் ஆவதில்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் மருத்துவ உளவியலாளர் யார் என்று வரையறுக்கும்போது, இந்திய மறுவாழ்வுக் கவுன்சில் அங்கீகரித்த மருத்துவ உளவியல் தகுதியை, அல்லது முதுநிலைக்குப் பின் அது அங்கீகரித்த முழுநேர இரண்டாண்டு எம்.ஃபில். பயிற்சியைக் கேட்கிறது. ஆர்.சி.ஐ. என்று சுருக்கமாகச் சொல்லப்படும் அந்தக் கவுன்சிலில் பதிவு இல்லாமல் மருத்துவ உளவியலாளராகத் தொழில் செய்ய முடியாது. பள்ளியிலோ கல்லூரியிலோ கவுன்சலர் வேலைக்கும் பெரும்பாலான இடங்களில் முதுநிலைப் பட்டத்தைத்தான் எதிர்பார்க்கிறார்கள்.

பி.எஸ்சி. மட்டும் முடித்தவர்களுக்குக் கிடைப்பவை வேறு வகை வேலைகள்: நிறுவனங்களில் ஆள்சேர்ப்புப் பிரிவு, கால் சென்டர், தொண்டு நிறுவனத்தில் களப்பணி, சிறப்புக் குழந்தைகளுக்கான பயிற்சி மையத்தில் உதவியாளர். மதிப்பான வேலைகள்தான். ஆனால் தொடக்கச் சம்பளம் எந்தக் கலை அறிவியல் பட்டதாரிக்கும் கிடைப்பதைப் போலவே இருக்கும். சைக்காலஜி என்ற பெயருக்காக யாரும் கூடுதலாகத் தருவதில்லை. கடனை எடைபோடும்போது இதை மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

## படி 1: எங்கே போய் நிற்கப் போகிறீர்கள் என்று எழுதுங்கள்

நோட்டின் முதல் பக்கத்தில் கீழே உள்ளவற்றில் ஒன்றை எழுதி வட்டமிடுங்கள்.

1. மூன்றாண்டுப் பட்டம், அதன்பின் ஏதாவது ஒரு வேலை அல்லது டி.என்.பி.எஸ்.சி., வங்கித் தேர்வு.
2. பட்டம், அதன்பின் எம்.எஸ்சி. அல்லது எம்.எஸ்.டபிள்யூ., பிறகு கவுன்சலிங் அல்லது மனிதவளத் துறை.
3. பட்டம், முதுநிலை, அதற்கும் மேல் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த பயிற்சி, பிறகு மருத்துவ உளவியலாளர்.
4. பட்டம், அதன்பின் ஆர்.சி.ஐ. அங்கீகரித்த இரண்டாண்டு சிறப்புக் கல்வி பி.எட்., பிறகு சிறப்பு ஆசிரியர்.

முதல் வழி மூன்று ஆண்டு. இரண்டாவதும் நான்காவதும் ஐந்து. மூன்றாவது ஏழு ஆண்டுகூட ஆகலாம், இடங்களும் குறைவு. பெங்களூரு நிம்ஹான்ஸ், சென்னைக்கு அருகே முட்டுக்காட்டில் உள்ள நிப்மெட் போன்ற நிறுவனங்களில் நுழைவுத் தேர்வு எழுதித்தான் உள்ளே போக வேண்டும். யு.ஜி.சி. எம்.ஃபில். பட்டத்தை நிறுத்திய பிறகு மருத்துவ உளவியலுக்கும் மனநலச் சமூகப்பணிக்கும் மட்டும் 2025-26 வரை சேர்க்கைக்கு அவகாசம் கொடுத்தது. விதிகள் மாறிக்கொண்டிருக்கும் காலம் இது. நீங்கள் சேரும் ஆண்டில் எந்தப் படிப்புக்குப் பதிவு கிடைக்கும் என்பதை ஆர்.சி.ஐ. இணையதளத்திலேயே பாருங்கள், கல்லூரி விளம்பரத்தில் பார்க்காதீர்கள்.

இன்னும் தெரியவில்லை என்றால் இரண்டாவதை வட்டமிடுங்கள். இந்தத் துறையில் சேருகிறவர்களில் பலர் கடைசியில் முதுநிலைக்குப் போகிறார்கள். அந்தச் செலவைச் சேர்த்துக் கணக்கிடுவது பாதுகாப்பு.

## படி 2: உண்மையான செலவைக் கூட்டுங்கள்

கட்டண ரசீதில் இருப்பது செலவின் ஒரு பகுதிதான். விடுதி, சாப்பாடு, பேருந்து, தேர்வுக் கட்டணம், லேப்டாப், ஆய்வக ரெக்கார்டு, இன்டர்ன்ஷிப்புக்குப் போய்வரும் செலவு எல்லாவற்றையும் ஆண்டுவாரியாக எழுதுங்கள். சில மருத்துவமனைகளும் மையங்களும் இன்டர்ன்ஷிப்புக்கு மாணவர்களிடமே பணம் வாங்குகின்றன. அதையும் கல்லூரி சீனியர்களிடம் கேட்டு எழுதுங்கள்.

பல தனியார் பல்கலைக்கழகங்களில் இப்போது நான்காண்டு ஆனர்ஸ் படிப்பு வந்திருக்கிறது. அதில் சேர்ந்தால் நான்காம் ஆண்டின் கட்டணத்தோடு, ஓராண்டு சம்பளம் தள்ளிப்போவதையும் கணக்கில் எடுத்துக்கொள்ளுங்கள்.

குறிப்பு: செலவைக் குறைக்கத் தொலைதூரக் கல்வியில் சைக்காலஜி படிக்கலாம் என்று யாராவது சொன்னால் கவனம். 2025 ஜூலை-ஆகஸ்ட் சேர்க்கையிலிருந்து உளவியலைத் தொலைதூர முறையிலும் ஆன்லைனிலும் நடத்த யு.ஜி.சி. தடை விதித்திருக்கிறது. 2021-ஆம் ஆண்டின் துணை மருத்துவத் தொழில்கள் ஆணையச் சட்டத்துக்குள் இந்தப் படிப்பு வருவதுதான் காரணம். பழைய பிரசுரத்தைக் காட்டிப் பணம் கேட்பவர்களிடம் ஒரு ரூபாயும் கட்டாதீர்கள்.

## படி 3: கடனைத் தொடும் முன் செலவைக் குறையுங்கள்

அரசுக் கலைக் கல்லூரியில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணம் மிகக் குறைவு. சென்னை மாநிலக் கல்லூரி போன்ற இடங்களில் உளவியல் இருக்கிறது. விண்ணப்பம் அரசின் டி.என்.ஜி.ஏ.எஸ்.ஏ. இணையதளம் வழியாக. நகரத்தின் நடுவில் கண்ணாடிக் கட்டடத்தில் இருக்கும் கல்லூரிக்கும் இதற்கும் இருக்கும் கட்டண வித்தியாசம் பல இடங்களில் லட்சக்கணக்கில் போகும். பி.எஸ்சி. முடித்ததும் கிடைக்கும் முதல் சம்பளத்தில் அந்த அளவு வித்தியாசம் இருப்பதில்லை. இளநிலைக்குக் குறைவாகச் செலவழித்து, பணத்தையும் கடன் வாங்கும் வசதியையும் முதுநிலைக்கு வைத்துக்கொள்ளுங்கள் என்பதே என் உறுதியான கருத்து.

உதவித்தொகைகளை விடாதீர்கள். 6 முதல் 12 வரை அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்குப் புதுமைப் பெண் திட்டத்திலும், ஆண்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1,000 ரூபாய் வருகிறது. அரசு உதவிபெறும் பள்ளியில் தமிழ்வழியில் படித்தவர்களுக்கும் இவை உண்டு. ஆதிதிராவிடர், பழங்குடியின மாணவர்களுக்குக் குடும்ப ஆண்டு வருமானம் 2,50,000-க்குள் இருந்தால் போஸ்ட் மெட்ரிக் உதவித்தொகை உண்டு.

## படி 4: கையில் வரும் சம்பளத்தைக் கண்டுபிடியுங்கள்

பெரும்பாலான குடும்பங்கள் தவறுவது இங்கேதான். இணையத்தில் தேடினால் "உளவியலாளர் சம்பளம்" என்று வருவது, ஏழு ஆண்டு படித்து அனுபவமும் பெற்றவருடையது. உங்களுக்கு வேண்டியது, இந்தக் கல்லூரியில் இந்தப் பட்டம் முடித்த ஒருவர் முதல் ஆண்டில் வீட்டுக்குக் கொண்டுவந்த தொகை. அதைக் கண்டுபிடிக்கும் முறை:

1. என்.ஐ.ஆர்.எஃப். தரவரிசைக்காகக் கல்லூரி கொடுத்த விவர அறிக்கை அதன் இணையதளத்தில் இருக்கும். எத்தனை பேர் பட்டம் பெற்றார்கள், எத்தனை பேருக்கு வேலை கிடைத்தது, எத்தனை பேர் மேற்படிப்புக்குப் போனார்கள், வேலை கிடைத்தவர்களின் இடைநிலைச் சம்பளம் எவ்வளவு என்ற நான்கும் அதில் உண்டு. இவை கல்லூரி முழுவதற்குமான எண்கள், பி.காம்., கம்ப்யூட்டர் மாணவர்களும் இதற்குள் அடக்கம். அதனால் இதை மேல் வரம்பாக மட்டும் வைத்துக்கொள்ளுங்கள்.
2. துறைத் தலைவரிடம் நேரில் கேளுங்கள்: "போன வருஷம் முடிச்ச சைக்காலஜி பிள்ளைங்க எல்லாரும் இப்ப என்ன செய்யுறாங்க, மேடம்?" பெயர் வேண்டாம், பட்டியல் போதும். பதில் சொல்லத் தயங்கும் கல்லூரியைப் பற்றி அந்தத் தயக்கமே ஒரு தகவல்.
3. முடித்து ஓரிரு ஆண்டு ஆன சீனியர்கள் நான்கைந்து பேரிடம் பேசுங்கள். கல்லூரியே அறிமுகம் செய்யும் நட்சத்திர மாணவரை மட்டும் நம்பாதீர்கள். லிங்க்ட்இன்னில் கல்லூரிப் பெயரையும் பாடத்தையும் போட்டு நீங்களே தேடுங்கள்.
4. கேட்ட தொகைகளில் மிகக் குறைந்ததை நோட்டில் எழுதுங்கள். சராசரியை எழுத வேண்டாம். தவணை சராசரி மாதத்தில் மட்டும் வருவதில்லை.

ஆஃபர் லெட்டரில் ஆண்டுக்கு 2,40,000 என்று இருந்தால் மாதம் 20,000 கைக்கு வரும் என்று எண்ணாதீர்கள். நிறுவனம் கட்டும் பி.எஃப். பங்கு பெரும்பாலும் அந்தத் தொகைக்குள்ளேயே இருக்கும். உங்கள் பங்காக அடிப்படைச் சம்பளத்தில் 12% பிடிப்பார்கள். மாதச் சம்பளம் 21,000-க்குள் இருந்தால் இ.எஸ்.ஐ.க்கு 0.75% போகும். சீனியரிடம் "அக்கவுன்ட்ல எவ்வளவு ஏறுது?" என்றே கேளுங்கள்.

## படி 5: மாதத் தவணையைக் கணக்கிடுங்கள்

கல்விக் கடனில் படிப்புக் காலமும் அதன்பின் ஓராண்டும் தவணை கட்ட வேண்டியதில்லை. வங்கியில் இதை மொரட்டோரியம் என்பார்கள். தவணைதான் இல்லை, வட்டி முதல் நாளிலிருந்தே ஓடும். அந்தக் காலத்துக்குத் தனிவட்டி போட்டு, முடிவில் அசலோடு சேர்ப்பார்கள்.

ஆண்டுக்கு 1,00,000 வீதம் மூன்று ஆண்டு, 10% வட்டி என்று வைத்துக்கொள்வோம். முதல் லட்சத்துக்கு நான்கு ஆண்டு வட்டி 40,000. இரண்டாவதற்கு மூன்று ஆண்டுக்கு 30,000. மூன்றாவதற்கு இரண்டு ஆண்டுக்கு 20,000. தவணை தொடங்கும் நாளில் கடன் 3,90,000.

10% வட்டியில் ஒரு லட்சத்துக்கு மாதத் தவணை ஏறத்தாழ இப்படி வரும்:

- 5 ஆண்டு: 2,125
- 7 ஆண்டு: 1,660
- 10 ஆண்டு: 1,322
- 15 ஆண்டு: 1,075

3,90,000-த்தை 10 ஆண்டில் அடைத்தால் மாதம் சுமார் 5,150. மொத்தம் கட்டுவது 6,18,000-க்கு மேல். 15 ஆண்டாக நீட்டினால் மாதம் 4,190. மொத்தம் 7,50,000-த்தைத் தாண்டும். தவணை சிறியதாகத் தெரிகிறது என்பதற்காக நீண்ட காலத்தைத் தேர்ந்தெடுப்பவர்கள் இந்த இரண்டாவது எண்ணைப் பார்ப்பதே இல்லை.

குறிப்பு: படிக்கும்போதே வட்டியை மட்டும் கட்ட முடிந்தால் கட்டுங்கள். முதல் ஆண்டில் அது மாதம் 833 ரூபாய்தான். மாதம் 1,000 உதவித்தொகை வரும் மாணவி அதிலிருந்தே கட்டிவிடலாம். கடைசிவரை இப்படிக் கட்டினால் தவணை 3,00,000-த்துக்கு மட்டும் கணக்கிடப்பட்டு, 10 ஆண்டுத் திட்டத்தில் மாதம் 3,965 அளவில் நிற்கும். படிப்புக் காலத்தில் வட்டி கட்டுபவர்களுக்குச் சில வங்கிகள் வட்டி விகிதத்தில் 1% சலுகையும் தருகின்றன, கேட்டால்தான் சொல்வார்கள்.

## படி 6: உங்கள் எல்லையைக் குறியுங்கள்

நான் பரிந்துரைக்கும் எல்லை இது: மாதத் தவணை, படி 4-இல் எழுதிய குறைந்த சம்பளத்தில் ஐந்தில் ஒரு பங்கைத் தாண்டக் கூடாது. வேலை வெளியூரில் என்றால் அறை வாடகையும் சாப்பாடும் சம்பளத்தில் பாதியைத் தின்றுவிடும். வீட்டுக்கும் கொஞ்சம் அனுப்ப வேண்டும். மிச்சம், சம்பளத்தில் ஐந்தில் ஒன்றுக்கு மேல் தவணையைத் தாங்காது.

கையில் வருவது 15,000 என்றால் தவணை 3,000. பத்து ஆண்டுத் திட்டத்தில் அது சுமார் 2,27,000 கடனைத் தாங்கும். ஓடிய வட்டியைக் கழிக்க 1.3-ஆல் வகுங்கள்: ஏறத்தாழ 1,75,000. மூன்று ஆண்டுக்கும் சேர்த்து நீங்கள் வாங்கலாம் என்ற தொகை இவ்வளவுதான். 20,000 என்றால் சுமார் 2,30,000.

வங்கி இதைவிட அதிகம் தரச் சம்மதிக்கலாம். 4,00,000 வரையான கல்விக் கடனுக்கு வங்கிகள் சொத்துப் பிணை கேட்கக் கூடாது என்பது ரிசர்வ் வங்கியின் விதி. கடன் கிடைப்பது எளிதாக இருக்கிறது என்பதால் அடைப்பதும் எளிது என்று ஆகிவிடாது.

## படி 7: அடுத்த படிப்பின் கடனையும் இன்றே எழுதுங்கள்

படி 1-இல் இரண்டையோ மூன்றையோ நான்கையோ வட்டமிட்டவர்கள் இதைத் தவிர்க்கவே கூடாது.

இளநிலைக் கடனின் மொரட்டோரியம் பட்டம் முடிந்து ஓராண்டில் முடிகிறது. அப்போது நீங்கள் எம்.எஸ்சி. முதலாண்டை முடித்து இரண்டாம் ஆண்டில் உட்கார்ந்திருப்பீர்கள். சம்பளம் இல்லை, தவணை மட்டும் வரும். மேலே உள்ள உதாரணத்தில் அது மாதம் 5,150. அதை யார் கட்டுவது? மேற்படிப்புக்காகத் தவணையைத் தள்ளிவைக்க வங்கி ஒப்புக்கொள்ளுமா என்பதைக் கடன் வாங்கும் முன்பே மேலாளரிடம் கேட்டு, பதிலை எழுத்தில் வாங்குங்கள்.

தள்ளிவைத்தாலும் வட்டி நிற்காது. அதே 3,00,000-த்தோடு முதுநிலைக்கு ஆண்டுக்கு 1,00,000 வீதம் இன்னும் 2,00,000 வாங்கி, ஐந்தாண்டுப் படிப்பு முடிந்து ஓராண்டு கழித்துத் தவணை தொடங்குகிறது என்று வையுங்கள். அசல் 5,00,000, ஓடிய வட்டி 2,00,000. பத்து ஆண்டுத் தவணை மாதம் சுமார் 9,250. ஐந்தில் ஒன்று என்ற எல்லைக்குள் அது நிற்க வேண்டுமானால் கையில் 46,000 வர வேண்டும். எம்.எஸ்சி. முடித்துப் புதிதாக வேலைக்குச் சேரும் கவுன்சலருக்கு இந்தத் தொகை கிடைக்கும் என்று எண்ணிக் கையெழுத்துப் போடாதீர்கள்.

இதே மாணவி இளநிலையை அரசுக் கல்லூரியில் கடனில்லாமல் முடித்து, முதுநிலைக்கு மட்டும் 2,00,000 வாங்கினால் ஓடிய வட்டி 50,000. பத்து ஆண்டுத் தவணை சுமார் 3,300. படிப்பு அதேதான், தவணை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று மேல்.

## அடிக்கடி நடக்கும் தவறுகள்

"வட்டியை அரசே கட்டிவிடும்" என்ற நம்பிக்கை. 4,50,000-க்குள் வருமானம் உள்ள குடும்பங்களுக்கு மொரட்டோரியக் கால வட்டி முழுவதையும் ஏற்கும் மத்திய அரசுத் திட்டம் தொழில்நுட்ப, தொழிற்கல்விப் படிப்புகளுக்கு உரியது. சாதாரண பி.எஸ்சி. சைக்காலஜியை அதில் எதிர்பார்க்காதீர்கள். 2024 நவம்பரில் ஒப்புதல் பெற்ற பி.எம். வித்யாலட்சுமி திட்டம் வேறு: பட்டியலில் உள்ள தரமான கல்லூரியில் சேர்ந்தால், குடும்ப வருமானம் 8,00,000-க்குள் இருந்தால், 10,00,000 வரையான கடனுக்கு மொரட்டோரியக் காலத்தில் 3% வட்டி மானியம் உண்டு. வேறு அரசு உதவித்தொகை வாங்குபவர்களுக்கு இந்த மானியம் கிடைக்காது. இரண்டில் எது லாபம் என்று கணக்கிட்டுத் தேர்ந்தெடுங்கள்.

"கிளினிக்கல்" என்ற சொல்லைப் பார்த்து ஏமாறுவது. படிப்பின் பெயரில் அந்தச் சொல் இருந்தால் மட்டும் ஆர்.சி.ஐ. பதிவு கிடைத்துவிடாது. அந்தக் கல்லூரியும் அந்தப் படிப்பும் அந்த ஆண்டில் அங்கீகாரப் பட்டியலில் இருக்கின்றனவா என்று பாருங்கள். பணம் கட்டிய பிறகு பார்த்துப் பயனில்லை.

வரிச் சலுகையைக் காரணமாக்குவது. கல்விக் கடன் வட்டிக்கு எட்டு ஆண்டு வரை வருமான வரிக் கழிவு உண்டு, பழைய வரி முறையில் மட்டும். தொடக்கச் சம்பளத்தில் உங்களுக்கு வருமான வரியே வராது.

## கையெழுத்துப் போடும் நாளில்

1. வட்டி மாறுவதா, நிலையானதா என்று கேளுங்கள். தனிநபரின் மாறும் வட்டிக் கடனை முன்கூட்டியே அடைத்தால் அபராதம் கிடையாது.
2. பணத்தை ஆண்டுவாரியாகவோ செமஸ்டர்வாரியாகவோ நேராகக் கல்லூரிக்கே அனுப்பச் சொல்லுங்கள். முன்கூட்டி வாங்கிய பணத்துக்கும் வட்டி ஓடும்.
3. கடனோடு காப்பீட்டுப் பாலிசி ஒன்றைச் சேர்த்தால் அது கட்டாயமா, பிரீமியம் எவ்வளவு, அது கடனில் ஏறுகிறதா என்று கேளுங்கள்.
4. பெற்றோர் இணைக் கடன்தாரராகக் கையெழுத்திடுகிறார்கள். தவணை தவறினால் அப்பாவின் சிபில் மதிப்பெண்ணும் விழும். இதை அவரிடம் நீங்களே சொல்லுங்கள்.
5. அனுமதிக் கடிதத்தின் நகலை வாங்காமல் வீடு திரும்பாதீர்கள்.

## தவணை கட்ட முடியாமல் போனால்

வேலை கிடைக்கவில்லை என்றால் முதல் தவணை தவறும் முன்பே கிளைக்குப் போங்கள். 90 நாள் நிலுவையானால் கணக்கு வாராக்கடன் ஆகிவிடும். அதன்பின் பேச்சுவார்த்தைக்கு இடம் குறையும். காலத்தை நீட்டவோ, தொடக்கத்தில் தவணையைக் குறைத்துத் தரவோ எழுத்துமூலம் கேளுங்கள். பெற்றுக்கொண்டதற்கு முத்திரை வாங்குங்கள்.

ஒரு தவணையைக் கட்டக் கடன் செயலியில் கடன் வாங்காதீர்கள். அதன் வட்டி சில மாதங்களில் கல்விக் கடனே சிறியது என்று தோன்றவைத்துவிடும்.

வசூல் முகவர்கள் காலை 8 மணிக்கு முன்பும் மாலை 7 மணிக்குப் பின்பும் அழைக்கக் கூடாது, மிரட்டக் கூடாது. மீறினால் வங்கியிடம் எழுத்தில் புகார் கொடுங்கள். 30 நாளில் தீர்வு இல்லையென்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையம் வழியாகவே, கட்டணமில்லாமல் போகலாம். கடன் கவலை தூக்கத்தைக் கெடுக்கும் அளவுக்குப் போனால் டெலி மானஸ் 14416-ஐ அழையுங்கள். தமிழில் பேசலாம், கட்டணம் இல்லை.

நோட்டில் இப்போது நான்கு எண்கள் இருக்கும்: மொத்தச் செலவு, குறைந்த சம்பளம், தாங்கக்கூடிய தவணை, அதற்குரிய கடன். வாங்க நினைக்கும் கடன் நான்காவது எண்ணுக்குள் இருந்தால் தயங்காமல் சேருங்கள். தாண்டினால் கல்லூரியை மாற்றுங்கள், பாடத்தை மாற்ற வேண்டாம்.